பாவோ டி லோ

பாவோ டி லோ என்பது முட்டை, சர்க்கரை, கோதுமை மாவு ஆகியவற்றால் செய்யப்படும் போர்த்துக்கேயக் கேக் ஆகும். இதில் சோடா உப்பு சேர்ப்பதில்லை. முட்டையை நெடுநேரம் அடிக்கும்போது புகும் காற்றே இதை உப்பச் செய்கிறது. ஓவார் நகரக் கேக்கின் நடுப்பகுதி குழைவாகவே இருக்கும்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக இவ்வகைக் கேக் சப்பானின் நாகசாகியை அடைந்து, 'கசுத்தேரா' எனப் பெயர் பெற்றது.

பெயரிலுள்ள 'பாவோ' ரொட்டியைக் குறிக்கும். இச்சொல்லே ஈழத்தமிழில் 'பாண்' ஆயிற்று. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். இலங்கையில் கிறித்துமசுக்குச் செய்யப்படும், ரவையும் முந்திரியும் சேர்ந்த லவ் கேக்கிலும் அவர்களது செல்வாக்கு காணப்படுகிறது. அவர்கள் ஆட்சி முடிந்து 350 ஆண்டுகளுக்கு மேலாகியும் 'பாண்' என்னும் சொல் அன்றாட வழக்கில் உள்ளது.