இலுப்பெண்ணெய் முதல் செராமிக் வரை

புதுக் கார் வாங்கப் போகிறவர்களிடம் இப்போது ஒரு கேள்வி தவறாமல் கேட்கப்படுகிறது. இன்சூரன்ஸ், மேட், சீட் கவர் எல்லாம் எழுதி முடித்த பிறகு, "சார், செராமிக் கோட்டிங்கும் சேர்த்துப் போட்டுடலாமா?" என்று ஷோரூம் தம்பி பவ்யமாகக் கேட்பார். வண்டியின் அளவையும் கடையையும் பொறுத்து 15,000 ரூபாய், 30,000 ரூபாய், அதற்கு மேலும் சொல்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் பலருக்கு அது ஒரு மாதப் பென்ஷன். வேண்டும் என்றும் சொல்ல வராது, வேண்டாம் என்றும் சொல்ல வராது. பிள்ளைகள் முகத்தைப் பார்ப்போம்.

எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் அண்மையில் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டார். ரிட்டயர்மென்ட் பணத்தில் கறுப்பு நிறக் கார் எடுத்திருந்தார். வீட்டில் ஷெட் கிடையாது. வண்டி நிற்கிற இடமோ அவருடைய அப்பா வைத்த வேப்பமரத்தடி. காக்கை எச்சமும் வேப்பம்பழமும் விழுந்துகொண்டே இருக்கும். "ஒன்று மரத்தை வெட்டுங்கள், இல்லையென்றால் கோட்டிங் போடுங்கள்" என்று கேட்டவர்கள் எல்லாம் யோசனை சொன்னார்கள். அவரோடு உட்கார்ந்து பேசியபோதுதான், மனிதன் தன் வண்டிக்கு எதையெதையெல்லாம் பூசிப் பார்த்திருக்கிறான் என்று எழுதிவைக்கலாமே எனத் தோன்றியது.

நம் பக்கத்தில் வண்டி என்றால் முதலில் மாட்டுவண்டிதான். மரத்துக்கு எதிரி மூன்று: வெயில், மழை, கரையான். வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் பூசி அவற்றைச் சமாளித்தார்கள். எண்ணெய் மரத்தின் உள்ளே இறங்கும். தண்ணீரை உள்ளே விடாது. கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. ஆனால் ஒருதடவை பூசினால் போதும் என்று யாரும் நினைக்கவில்லை. காய்ந்தால் மறுபடி பூச வேண்டும். அச்சுக்கு மட்டும் வண்டி மை தனி. வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்துக் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். அது அழகுக்கு அல்ல, ஓட்டத்துக்கு.

நம் சங்கரநாராயணர் கோயில் தேரையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். தேர் என்பது வருஷத்தில் ஓரிரு நாள் ஓடி, மற்ற நாளெல்லாம் நிலையில் நிற்கிற வண்டி. ஓய்வுபெற்றவர்கள் வீட்டுக் காரும் கிட்டத்தட்ட அப்படித்தான்! தேர்ச் சிற்பங்களுக்கு எண்ணெய் பூசுவது வழக்கம். ஆனாலும் தமிழ்நாட்டில் எந்த ஊர்த் தேரை எடுத்துக்கொண்டாலும் அதைக் காப்பாற்றுவது எண்ணெய் மட்டுமல்ல. முன்பு கீற்று, பிறகு தகரம் என்று மேலே ஒரு மறைப்பு இருந்த தேர்தான் நிலைத்தது. கூரை இல்லாமல் நின்ற தேருக்கு எத்தனை எண்ணெய் பூசினாலும் வெயில் அதைப் பிளந்துவிடும்.

இனிப் பட்டணத்துப் பக்கம் போவோம். சென்னையில் சிம்சன் கம்பெனி 1840-ல் தொடங்கப்பட்டது, குதிரை வண்டி கட்டுவதற்காக. அக்காலக் கோச்சு வண்டிகளுக்கு ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷ் பூசுவார்கள். ஒரு பூச்சு காய வேண்டும், நுரைக்கல்லால் தேய்க்க வேண்டும், அதன்மேல் அடுத்த பூச்சு. இப்படிப் பல பூச்சுகள் முடிய வாரக்கணக்கில் ஆகும். அதே சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். எஞ்சின் புதிது, ஆனால் உலகம் முழுவதும் அந்நாள் கார்களுக்குக் குதிரை வண்டியின் வார்னிஷ் முறைதான் தொடர்ந்தது.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-ல் 'மாடல் டி' காரைக் கொண்டுவந்தார். 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. விலை குறைவாகவும் உறுதியாகவும் உள்ள கறுப்புப் பூச்சு அவருக்குத் தோதாக இருந்தது. அந்த நிலைமையை மாற்றியது டூபான்ட் கம்பெனியின் 'டூக்கோ'. 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் கார்களுக்கு அதை நீல நிறத்தில் அடித்துக் காட்டியது. வாரக்கணக்கில் காய்ந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. நம் ஊரில் பீரோ, கட்டிலுக்குக்கூட "டூக்கோ பெயிண்ட் அடிச்சது" என்று பெருமையாகச் சொல்வோமே, அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான்.

அடுத்தது நாம் கண்ணால் பார்த்த காலம். 1950-களின் பிற்பகுதியில் அம்பாசடர் வந்தது. 2014 வரை தயாரானது. ஃபியட் இருந்தது. சென்னையை அடுத்த வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. அந்த வண்டிகளின் பெயிண்டுக்கு மேல் வேறு காப்பு எதுவும் கிடையாது. நிறமே வெயிலை நேராக வாங்கும். நாளாக ஆக வெளுத்து, கையால் தடவினால் மாவுபோல ஒட்டும். அதனால்தான் வாக்ஸ் பாலீஷுக்கு அன்று உண்மையான வேலை இருந்தது. பெயிண்டும் கனமாக இருந்ததால் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் உள்ளேயிருந்து பளபளப்பு வரும். அதுவும் போதாவிட்டால் டிங்கரிங் பட்டறைக்கு விட்டு, பட்டி பார்த்து, எமரி போட்டு, முழுசாக அடித்து வாங்குவோம்.

அந்த வாக்ஸில் உயர்ந்தது 'கார்னோபா'. அது பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. வறண்ட காலத்தில் ஓலையின் ஈரம் போகாமலிருக்க அந்த மரம் தானே தன்மீது மெழுகைப் பூசிக்கொள்கிறது. நம் கரிசல் காட்டுப் பனை எப்படி வெயிலைத் தாங்கி நிற்கிறதோ, அதே தொழிலை அங்கே அதன் உறவுக்கார மரம் செய்கிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு கார் நடுத்தரக் குடும்பத்துக்குள் நுழைந்தது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. இதே காலகட்டத்தில் பெயிண்டும் மாறிவிட்டது. இன்றைய காரின் இரும்பு உடலை முதலில் மருந்துத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சித் துருத்தடுப்புப் பூச்சைச் சந்துபொந்தெல்லாம் ஏற்றுகிறார்கள். அதற்கு மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் கண்ணாடிபோல நிறமில்லாத ஒரு பூச்சு. அதற்கு 'கிளியர் கோட்' என்று பெயர். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து அதிலேயே கலந்திருக்கிறது. அம்பாசடருக்கு நாம் வாக்ஸ் போட்டுச் செய்த வேலையில் பெரும்பகுதியை ஃபாக்டரியே செய்து அனுப்புகிறது என்பது இதன் பொருள். அதற்கான காசையும் வண்டி விலையிலேயே வாங்கிவிடுகிறார்கள்.

ஆனாலும் ஷோரூமில் கூடுதல் பூச்சு விற்பது நிற்கவில்லை. செராமிக்குக்கு முன்னே 'டெஃப்லான் கோட்டிங்' ஓடியது நினைவிருக்கும். டெஃப்லான் என்ற பொருளை 1938-ல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். தோசைக்கல்லில் அது பிடித்து நிற்க 300 டிகிரிக்கு மேல் சூடுபடுத்த வேண்டும். கார் பெயிண்டை அப்படிச் சுட முடியுமா? ஆகவே அந்தப் பெயரில் காருக்குப் பூசியதெல்லாம் நல்லதொரு பாலீஷ், அவ்வளவே. இன்று டெஃப்லான் பேச்சு அடங்கி, செராமிக் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

செராமிக் என்றதும் பீங்கான் என்று நினைக்க வேண்டாம். மணலில் இருக்கிற சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம் அது. துணியில் தொட்டுப் பூசினால் பெயிண்டோடு ஒட்டி, மெல்லிய கண்ணாடிப் படலமாக இறுகும். கனம் ஓரிரு மைக்ரான் இருந்தால் அதிகம். தலைமுடி ஒன்றின் கனமே ஏறக்குறைய 70 மைக்ரான்.

அதன் நல்ல குணம் தாமரை இலைக் குணம். தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். அழுக்கு இறுகப் பிடிக்காது. தாமரை இலை ஏன் நனைவதில்லை, ஏன் அழுக்காவதில்லை என்பதை ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லாட் நுண்ணோக்கியில் பார்த்து விளக்கினார். 'தாமரை இலைத் தண்ணீர்போல' என்று நம் பாட்டிமார் பழமொழியாகச் சொன்னதை அவர் விஞ்ஞானமாக எழுதினார். வாக்ஸ் சில வாரத்தில் கரைந்துபோகும். செராமிக் ஒழுங்காகப் போட்டுப் பராமரித்தால் வருஷக்கணக்கில் நிற்கும். இதுவரை சொல்வது உண்மை.

இனி விற்பவர் சொல்லாதது. '9 ஹெச் கடினம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் கணக்கு. வைரத்தைப் பத்து என்று வைக்கிற கல் கணக்கு அல்ல. ஆடிக் காற்றில் நம் ஊரில் பறக்கிற மண்ணில் படிகக் கல் துகள் இருக்கிறது. அந்தத் தூசியோடு காய்ந்த துணியால் துடைத்தால் செராமிக் மேலும் கோடு விழும். சாவியால் கீறினால் கட்டாயம் விழும். பெயிண்டைத் தெறிகல் பெயர்ப்பதையும் அது தடுக்காது. காக்கை எச்சத்தை நாள்கணக்கில் விட்டுவைத்தால் கறை பதியும். அடிப்பக்கத் துருவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நம் ஊருக்கென்றே இன்னொரு சங்கதி, போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் அப்படியே விட்டால், முத்து முத்தாக நின்ற தண்ணீர் காய்ந்து வட்ட வட்டமாக வெள்ளைக் கறையாகும். கோட்டிங் போட்ட வண்டியில், அதிலும் கறுப்பு வண்டியில், அது பளிச்சென்று தெரியும். கழுவினால் உடனே மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

பூசுவதற்கு முன்பு மெஷின் வைத்துப் பாலீஷ் போடுவார்கள். அது கிளியர் கோட்டைச் சிறிது சீவிவிட்டுத்தான் பளபளப்பைத் தருகிறது. சீவியது திரும்ப வராது. புத்தம்புது வண்டிக்கு இது லேசாகப் போதும். கைப்பழக்கம் இல்லாத கடையில் கொடுத்தால் காசும் போகும், பெயிண்டும் போகும். 'ஐந்து வருஷ வாரண்டி' என்றால், வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் கடைக்கே வண்டியைக் கொண்டுபோய்க் காசு கட்டிச் சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் யாருக்கு அது பயன்படும்? வெயிலில் நிற்பதைத் தவிர வழியில்லாத, அடர்நிற வண்டி; தினமும் ஓடுவது; ஏழெட்டு வருஷம் வைத்துக்கொள்ளும் எண்ணம். இவர்கள் போடலாம். நம் வயதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. முழங்கால் வலியோடு குனிந்து தேய்க்க முடியாதவருக்கு, தண்ணீர் ஊற்றினாலே பாதி அழுக்கு போகும் என்பது பெரிய சௌகரியம். பளபளப்பைவிட அந்தச் சௌகரியத்துக்குக் காசு கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளை வண்டி, வீட்டில் ஷெட் இருக்கிறது, குலதெய்வம் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கிறோம் என்றால் அவசியமே இல்லை. வாக்ஸ் டப்பா ஒன்று போதும்.

எங்கள் தெரு அண்ணாச்சி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். மரத்தை வெட்டவில்லை. கோட்டிங்குக்கு ஒதுக்கிய பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, மரத்துக்கு எதிர்ப்பக்கம் நாலு குழாய் நட்டுத் தகர ஷெட் போட்டுவிட்டார். காருக்கு மேலே இப்போது காக்கை உட்காருவதில்லை. கோடை மத்தியானத்தில் வண்டிக்குள் கை வைக்க முடியாத சூடும் குறைந்திருக்கிறது. அதை எந்தக் கோட்டிங்கும் தந்திருக்காது. மிச்ச நேரத்தில் அவர் நாற்காலியைப் போட்டு உட்காருவது மட்டும் பழையபடி வேப்பமரத்தடியில்தான்.