கடல்சார் கொசுக்கொல்லிகள்

கடல்சார் கொசுக்கொல்லிகள் என்பவை கடற்பாசி, கடற்பஞ்சு, கரையோர நுண்ணுயிர் முதலியவற்றிலிருந்து பெறப்பட்டு, கொசுவைக் கொல்லும் அல்லது அதன் வளர்ச்சியைத் தடுக்கும் இயற்கைச் சேர்மங்கள் ஆகும்.

வகைகள்: டெர்பீன்கள், ஆல்கலாய்டுகள், கொழுப்பு அமிலங்கள், லிப்போபெப்டைடுகள் ஆகியவை முதன்மையானவை. லாரன்சியா இனச் செம்பாசியில் கிடைக்கும் எலடால், குளோரினும் புரோமினும் கொண்ட டெர்பீன். ஏடிஸ் எஜிப்தி புழுக்களைக் கொல்லக்கூடியது.

மதிப்பீடு: உலக சுகாதார நிறுவன நெறிமுறைப்படி, வளர்ச்சியின் மூன்றாம் நிலையின் இறுதியிலோ நான்காம் நிலையின் தொடக்கத்திலோ உள்ள கொசுப்புழுக்கள் சேர்மத்தின் கரைசலில் விடப்படுகின்றன. அவற்றில் 50 விழுக்காட்டைக் கொல்லும் செறிவு, பொதுவாக 24 மணி நேரத்துக்குப் பின் கணக்கிடப்படுகிறது.

வரலாறு: ஜப்பானில் 1934இல் கடற்புழு ஒன்றிலிருந்து நெரைஸ்டாக்சின் பிரிக்கப்பட்டது. அதன் அமைப்பைப் பின்பற்றி 1960களில் கார்டாப் என்னும் பயிர்ப் பூச்சிக்கொல்லி உருவானது. இந்தியாவில், 1975இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், அந்தமான் நிக்கோபார் அலையாத்திக் காடுகளில் கிடைத்த பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவிலிருந்து கொசுக்கொல்லி சர்ஃபேக்டினைக் கண்டறிந்தது.

முக்கியத்துவம்: கொசுவின் கூட்டுப்புழு உணவு உட்கொள்வதில்லை, எனவே உண்ணும்போது மட்டுமே செயல்படும் பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் பாக்டீரியாவின் நச்சு அதைக் கொல்வதில்லை. ஆனால் சர்ஃபேக்டின் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சேர்மம். அதனால் புழுவுடன் கூட்டுப்புழுவையும் கொல்கிறது.