கேசட்டில் ஏறிய கர்ண மோட்சம்

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் பாரதம் ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. அதைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்ததாகச் சொல்லப்படும் சனியூர் இந்தத் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. அவருடைய 4,300-க்கும் மேற்பட்ட விருத்தங்களிலிருந்து பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். ராத்திரி கூத்து ஜமா வந்து அதையே விடிய விடியக் கூத்தாக ஆடும். அந்த ராத்திரியை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கிய கேசட்டுகளை நாட்டார் இசையின் ஆல்பங்களாக யாரும் எண்ணுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டுவந்த கேசட் எங்கள் கிராமங்களுக்கு வந்து சேர 1980-கள் ஆனது. அதற்கு முன்னால் இருந்த 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். கூத்தில் ஒரு ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடி வெளியே வரவே அது பத்தாது. அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம் கிடைத்ததால்தான் கூத்து ஸ்டூடியோவுக்குள் போக முடிந்தது.

என் மாமா மைக்செட் வைத்திருந்தார். அவருடைய தகரப் பெட்டியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுக்குப் பக்கத்திலேயே அர்ச்சுனன் தபசு, அரவான் களபலி, கர்ண மோட்சம் எல்லாம் இருக்கும். சித்திரை பிறந்துவிட்டால் களபலிக்குத்தான் கிராக்கி. உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் அரவானாகிய கூத்தாண்டவரின் திருவிழா நடக்கிற மாதம் அது.

வருஷக்கணக்காகக் கேட்டதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஸ்டூடியோவில் முதலில் வெட்டுப்பட்டவன் கட்டியக்காரன். ஊர்த் தலைவரை இழுத்து, எதிரே தூங்குகிறவனை எழுப்பி, முந்தாநாள் நடந்த சண்டையைப் பேசுகிறவன் அவன். எந்த ஊரிலும் விற்க வேண்டிய கேசட்டில் அவனுக்கு வேலை இல்லை. கிறுக்கி அடித்துச் சுற்றும்போது எழும் சலங்கைச் சத்தமும் போயிற்று. ஆனால் ஒன்று கூடியது. திறந்த வெளியில் மத்தளத்துக்கு அடியில் அமுங்கிப்போகும் பின்பாட்டு, மைக்குக்கு முன்னால் தெளிவாக வந்தது. ஆர்மோனியம் ஓய்ந்த இடத்தில் முகவீணை அதே வரியைத் தனியாக இழுப்பதைக் கேசட்டில்தான் நான் முழுசாகக் கேட்டேன். அந்த ஒன்றுக்காகவே இவற்றைக் கொண்டாட வேண்டும் என்பேன்.

அதிகம் ஓடியது கர்ண மோட்சம். எங்கள் பக்கம் சாவு வீட்டில், கருமாதியில் அந்தக் கூத்தை வைப்பது வழக்கம். போருக்குப் புறப்படும் கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கிற வாக்குவாதம்தான் அதன் உயிர். பிறப்புத் தெரியாதவன் என்று அவனை ஒதுக்கியவள், அவன் பிறப்பு தெரிந்ததும் தடுக்கப் பார்க்கிறாள்; அவன் நிற்பதில்லை. ஜமாவுக்குக் கொடுக்க வசதியில்லாத வீடுகளில் மாமாவின் குழாய் ஸ்பீக்கர் அதைப் பாடியது. பாதி வாக்குவாதத்தில் பக்கம் தீர்ந்துவிடும். மாமா கேசட்டைத் திருப்பிப் போடும்வரை பந்தலில் ஒருவரும் பேசமாட்டார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கும் அந்தப் பெட்டி போனது. வெள்ளிமலை இருக்கிற கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களிடம் இருந்த இடம். அங்கே கரண்ட் வராத ஊர்களில் பேட்டரி போட்டுத்தான் பாட வைத்தோம். மலைக்குக் கீழே கேசட்டால் வாய்ப்பு இழந்த கூத்துக்காரர்கள் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பதிவுக்கு ஒருமுறை கை நிறையக் காசு வாங்கியதோடு சரி, அப்புறம் எத்தனை ஆயிரம் விற்றாலும் அவர்களுக்கு ஒன்றும் வந்ததில்லை என்று எங்களூர்க் கூத்து வாத்தியார் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இப்போது யூடியூபில் முழு ராத்திரிக் கூத்தும் கிடைக்கிறது. கட்டியக்காரனும் திரும்பி வந்துவிட்டான். அதனால் பழைய கேசட்டுகள் வேண்டாம் என்று ஆகாது. அந்தக் குரல்கள் வேறு எங்கும் இல்லை. காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது, மேலட்டையில் பாடகர் பேர் இருந்தால் அதுவும் மங்குகிறது. இவற்றை டிஜிட்டலுக்கு மாற்றி எடுக்க முன்வருகிறவர்கள் கர்ண மோட்சத்தில் தொடங்கட்டும். அதிகம் ஓடியதால் அதன் நாடாதான் அதிகம் தேய்ந்திருக்கும்.