மூன்றாவது அடி

'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்றதும் கருத்தரங்கு மேடைதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் ஒரு தொழிற்சாலை வாசலில் நிற்போம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை அந்த நிறுவனம் வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு ஆள்குறைப்பு வந்தது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பது விதி. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று. ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். பெண்களை எடுத்திருக்கிறார்களே (எடுத்தது வெள்ளைப் பெண்களை), நிறம்தான் புகாரென்றால் வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள் என்றது 1976 தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை முன்வைத்து, 1989இல் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா, நிறமும் பாலும் சேர்ந்து தாக்குவதைக் குறிக்க இந்தச் சொல்லை உருவாக்கினார். அவர் சொன்ன உவமை நாற்சந்தி விபத்து. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து ஜி.என்.டி. சாலையைக் கடப்பவருக்கு அதை விளக்கவே வேண்டாம். எந்தப் பக்கத்து வண்டி இடித்தது என்று தெரியாவிட்டால் யார்மேல் கேஸ் போடுவது?

2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள் போன சொல், 2021இல் நம் உச்ச நீதிமன்றத்திலும் ஒலித்தது. ஆந்திராவில் பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கு அது. சாதி, பால், ஊனம் மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று விரிவாகப் பேசிய அதே தீர்ப்பு, சாதிதான் காரணம் என்பதற்குச் சான்றில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் தண்டனையை மட்டும் நீக்கியது. ஆயுள் தண்டனை நிலைத்தது. சொல் வந்து சேர்ந்துவிட்டது, சட்டத்தின் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களை ஃபாக்ஸ்கான் தவிர்க்கிறது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தி சொன்ன தடை மணமான ஆணுக்கு இல்லை, மணமாகாத பெண்ணுக்கும் இல்லை.

தமிழில் 'குறுக்குவெட்டுத்தன்மை' என்கிறார்கள். கேட்டால் ஏதோ கட்டட வரைபடம் போலிருக்கிறது. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்ற பழமொழியும் முழுசாகப் பொருந்தாது. மத்தளத்தில் இரண்டு அடியும் தனித்தனியே கேட்கும். இங்கே இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஓர் அடி விழுகிறது, அதற்குப் பதிவேட்டில் பத்தி இல்லை. உங்கள் ஆலை வாசலில் அதற்கு ஒரு பேச்சு வழக்குச் சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.