இயக்குதளத் தூய நிறுவல்

இயக்குதளத் தூய நிறுவல் என்பது ஒரு கணினியின் வட்டில் ஏற்கெனவே உள்ள இயக்குதளத்தை முழுமையாக நீக்கிவிட்டு, இயக்குதளம் ஒன்றைப் புதிதாக நிறுவும் செயல்முறை ஆகும். பழைய இயக்குதளத்தின் மேலேயே புதிய பதிப்பை ஏற்றும் மேம்படுத்தலில் இருந்து இது வேறுபட்டது. மேம்படுத்தலில் பயனரின் கோப்புகளும் மென்பொருள்களும் பெரும்பாலும் தொடரும். தூய நிறுவலில் அவை எஞ்சுவதில்லை. நிறுவலில் பிழை நேர்ந்தால் அதனை மீண்டும் செய்யலாம். காப்புநகல் எடுக்காமல் அழித்த கோப்புகளையோ மீட்பது அரிது. எனவே இச்செயல்முறையில் முன்னேற்பாடே முதன்மையானது.

தேவைப்படும் சூழல்கள்

* புதிய மடிக்கணினியுடன் விற்பனையாளர் சேர்த்துத் தரும் தேவையற்ற மென்பொருள்களை நீக்குதல்
* நச்சுநிரல் தாக்கிய கணினியைத் தூய்மைப்படுத்துதல்
* வன்தட்டை மாற்றியபின் புதிய வட்டில் இயக்குதளத்தை அமைத்தல்
* ஆதரவுக் காலம் முடிந்த இயக்குதளத்தைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறுதல்

முன்னேற்பாடுகள்

கோப்புகள்: ஆவணங்கள், படங்கள் ஆகியவற்றுடன் உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் மென்பொருளின் அஞ்சல்கள், தனியாக நிறுவிய எழுத்துருக்கள் ஆகியவற்றையும் வெளி வட்டில் படியெடுக்க வேண்டும். படியெடுத்த கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது நல்லது.

உரிமம்: விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகளில் உரிமக் குறியெண் அடிப்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். நாளடைவில் இவ்வெழுத்துகள் தேய்ந்துவிடுவதால் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், கணினியுடன் வரும் உரிமத்தின் குறியெண் தாய்ப்பலகையின் நிலைப்பொருளிலேயே பதியப்பட்டுள்ளது. அதே பதிப்பை நிறுவினால் அதனைத் தட்டச்சுச் செய்யத் தேவையில்லை.

செலுத்திகள்: வன்பொருள்களை இயக்கும் செலுத்தி மென்பொருள்களுள் கம்பியில்லா இணையத்திற்குரியதை முதலில் எடுத்துவைக்க வேண்டும். அது இல்லையெனில் பிற செலுத்திகளைப் பதிவிறக்க இயலாமல் போகலாம். இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலி முதலான சில மடிக்கணினிகளில், சேமிப்பகச் செலுத்தியைத் தனியே தந்தால்தான் நிறுவி வட்டைக் கண்டறியும்.

மறையாக்கம்: அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. மீட்புச் சாவி இல்லாமல் அவ்வட்டை வேறு கணினியில் படிக்க முடியாது.

மின்சாரம்: வட்டைப் பிரிக்கும்போதோ நிலைப்பொருளைப் புதுப்பிக்கும்போதோ மின்சாரம் நின்றால் கணினி பழுதடையக்கூடும். 2012, 2013ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு இருந்தது. மின்கலம் முழுமையாக மின்னேற்றப்பட்டிருப்பதும் மின்னேற்றியை இணைத்து வைத்திருப்பதும் பாதுகாப்பானவை.

நிறுவும் முறை

1. இயக்குதளத்தை வெளியிடுவோரின் தளத்திலிருந்தே நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவில் ஏற்றுதல்.
2. கணினியைத் தொடங்கும்போது தொடக்கப் பட்டியைத் திறந்து பென் டிரைவைத் தெரிவு செய்தல். இதற்குரிய விசை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும்.
3. நிறுவ வேண்டிய வட்டுப் பிரிவைத் தெரிவு செய்தல். எல்லாப் பிரிவுகளையும் அழித்தால் தயாரிப்பாளர் அமைத்த மீட்புப் பிரிவும் அழியும்.
4. நிறுவல் முடிந்தபின் செலுத்திகள், பாதுகாப்பு இற்றைகள், மென்பொருள்கள் என்ற வரிசையில் நிறுவுதல்.
5. காப்புநகலிலிருந்து கோப்புகளை மீளச் சேர்த்தல்.

தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட இக்கணினிகள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகள், கலை அறிவியல் கல்லூரிகள், பொறியியல் கல்லூரிகள் முதலியவற்றின் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. சிவகங்கை மாவட்டம் காரைக்குடியில் 1952இல் தொடங்கப்பட்ட அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை இவ்வகையில் அடங்கும். மாணவர் பலருக்கு இதுவே வீட்டின் முதல் கணினி.

தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பும் பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. பாஸ் லினக்ஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற இயக்குதளம். இதன் முதல் பதிப்பு 2007இல் வெளிவந்தது. ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாது. திரைப்பின்னணிப் படத்தை மாற்றும் வசதியும் அதில் இல்லை. இத்தகைய வரம்புகள் மறுநிறுவலை நாடத் தூண்டுபவை. உரிமமற்ற படிகளை நிறுவுவது சட்டத்திற்குப் புறம்பானது. அவற்றுடன் நச்சுநிரல்களும் சேர்ந்து வரக்கூடும்.

இரு இயக்குதளங்கள் உள்ள கணினியில் பின்வரும் இடர்கள் உள்ளன.

* விண்டோஸ் தன் கோப்பு உலாவியில் லினக்ஸ் பிரிவுகளைக் காட்டுவதில்லை. பாஸ் லினக்ஸில் சேமித்த கோப்புகள் காப்புநகலில் விடுபடலாம்.
* வட்டு மேலாண்மைக் கருவியில் லினக்ஸ் பிரிவு பெயரின்றித் தோன்றும். அதனை வெற்றிடம் எனக் கருதி அழித்தால், தொடக்க ஏற்றியாகிய குரப் தனக்குரிய கோப்புகளை இழந்து, இக்காலத்துக் கணினிகள் மீட்புத் திரையிலேயே நின்றுவிடும். விண்டோஸ் நிறுவல் வட்டின் பழுதுநீக்கும் வசதியால் இதனைச் சரிசெய்யலாம்.
* விண்டோஸை மட்டும் மீள நிறுவினால் குரப் மேலெழுதப்பட்டு, பாஸ் லினக்ஸ் வட்டில் இருந்தும் தொடக்கப் பட்டியில் தோன்றாது. லினக்ஸ் நேரடி வட்டிலிருந்து குரப்பை மீண்டும் நிறுவினால் அது திரும்பக் கிடைக்கும். இரண்டையும் புதிதாக நிறுவுவோர் விண்டோஸை முதலில் நிறுவுவது வழக்கம்.

தமிழ்க் கோப்புகள்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் ஆவணங்கள் பாமினி, வானவில், தாப், தாம், திஸ்கி எனப் பல குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்டன. இவற்றுள் பல இன்றும் அச்சகங்களிலும் பழைய ஆய்வேடுகளிலும் உள்ளன. இவற்றுக்குரிய எழுத்துருக்கள் பயனரின் ஆவண உறையில் இல்லாமல் விண்டோஸ் உறைக்குள் இருப்பதால் தூய நிறுவலின்போது அழிந்துவிடும். ஆவணம் சேதமடையாவிட்டாலும் பொருளற்ற எழுத்து வரிசையாகவே தோன்றும். பாமினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதே எழுத்துருவை மீள நிறுவினால் படிக்கலாம். குறியாக்க மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிவைப்பதே நிலையான தீர்வு. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறியாக்கமான டேஸ் 16ஐயும் தரமாக ஏற்றது.

தமிழ் 99 உள்ளிட்ட விசைப்பலகை அமைப்புகளையும் மறுநிறுவலுக்குப்பின் மீண்டும் சேர்க்க வேண்டும்.

ஆதரவுக் காலம்

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புக் கூறு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவை தேவை. 2011ஆம் ஆண்டின் மடிக்கணினிகள் இத்தகுதியைப் பெறா. அவற்றைத் தொடர்ந்து பாதுகாப்பாகப் பயன்படுத்த, ஆதரவிலுள்ள லினக்ஸ் வழங்கல் ஒன்றைத் தூய நிறுவல் செய்யலாம். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13க்கு 32-பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கான நிறுவி இல்லை. ஆயினும் 32-பிட் விண்டோஸுடன் வந்த கணினியின் செயலி 64-பிட் வகையாகவும் இருக்கலாம் என்பதால், செயலியின் வகையைச் சரிபார்த்த பின்னரே வழங்கலைத் தெரிவு செய்ய வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* இயக்குதளம்
* பாஸ் லினக்ஸ்
* தமிழ் 99
* ஒருங்குறி