வீட்டை விற்றவர்கள், நகர்ந்த ஆறு: நெய்வேலியின் இன்னொரு கதை

2023 ஜூலை மாசம் வந்த ஒரு வீடியோ உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நெய்வேலிக்குப் பக்கத்துல வளையமாதேவி கிராமம். பச்சையா நிற்கிற நெற்பயிருக்குள்ள மண்வாரி இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டுது. விவசாயிகள் கதறுறாங்க. என்எல்சி நிறுவனம் சொன்ன பதில்: இந்த நிலத்தை நாங்க பல வருஷத்துக்கு முன்னாடியே கையகப்படுத்திட்டோம்.

இதுல யாரும் பொய் சொல்லல. விற்ற நிலத்துல எப்படி நெல் விளைஞ்சது? அதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல, அந்த வாய்க்கால் எதுக்கு? பரவனாற்றுக்குப் புதுப் பாதை. நெய்வேலிப் பக்கம் ஓடி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்தைக் கடந்து கடலூர்ப் பக்கம் போற சின்ன ஆறு இது. சுரங்கம் விரிய விரிய, ஆறு குறுக்கே நின்றது. அதனால் ஆற்றையே நிரந்தரமாகத் திருப்பும் திட்டம். சுமார் 12 கிலோமீட்டர் நீளத்தில் மிச்சம் இருந்தது கடைசி ஒன்றரை கிலோமீட்டர்தான். இதை முடிச்சாத்தான் மழைக்காலத்துல சுரங்கமும் சுத்தியுள்ள ஊர்களும் வெள்ளத்துல இருந்து தப்பும்னு நிறுவனம் வாதாடியது. விவசாயிகளோட புகார் நேர் எதிரானது: சுரங்கத்திலிருந்து இறைச்சு விடுற தண்ணிதான் மழைக்காலத்துல எங்க வயலை மூழ்கடிக்குதுன்னு.

ரெண்டையும் புரிஞ்சுக்க மண்ணுக்குக் கீழ போகணும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்றுதான் நெய்வேலிக் கதை எப்பவும் ஆரம்பிக்கும். அதோடு இன்னொன்றும் இருந்தது: தண்ணீர். நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீர். இந்தப் பக்கம் குழாய் இறக்கினாலே, மோட்டார் இல்லாமல் தானாகப் பொங்கி வந்த கிணறுகள் உண்டு. விவசாயிக்கு அது வரம். சுரங்கத்துக்கோ ஆபத்து, அடித்தளத்தைப் பிளந்துக்கிட்டு மேல வந்துடும். அதனால இரவு பகலா இறைச்சுக்கிட்டே இருக்கணும். கோடையில் அந்தத் தண்ணி பாசனத்துக்குப் போகுது. ஐப்பசி, கார்த்திகையில யாருக்கு அது வேணும்?

1956-ல் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். வட்டம் வட்டமாகப் பிரிச்ச, மரங்கள் அடர்ந்த டவுன்ஷிப் எழும்பியது. அந்த இடத்துல முன்னாடி கிராமங்கள் இருந்தன. 1980களில் இரண்டாம் சுரங்கம், அப்புறம் 1ஏ. ஒவ்வொரு முறையும் கிராமங்கள் காலி.

விலை யார் சொன்னது? ரொம்ப காலத்துக்கு 1894-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம்தான் அடிப்படை. பக்கத்துல பத்திரப்பதிவுல என்ன விலை போச்சோ, அதுதான் கணக்கு. பத்திரத்துல யார் நிஜ விலையை எழுதுறாங்க? அதுவும் பட்டா வச்சிருக்கிறவங்களுக்கு. அந்த வயல்ல நாற்று நட்ட கூலிக்காரங்களோட பிழைப்புக்கு அந்தக் கணக்குல இடமே இல்ல. 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த புதுச் சட்டம் இதை மாத்தியது. கிராமப்புற நிலத்துக்குச் சந்தை விலையைப் போல நாலு மடங்கு வரை இழப்பீடு, கூலித் தொழிலாளிக்கும் மறுவாழ்வு.

வளையமாதேவி சிக்கல் இங்கதான். பரவனாற்றுக்கான நிலங்கள் 2006 முதல் 2013 வரை எடுக்கப்பட்டவை. காகிதத்துல எடுத்தாங்க, தரையில எடுக்கல. விவசாயிகள் வருஷா வருஷம் உழுதாங்க, விதைச்சாங்க. பத்து வருஷம் கழிச்சு இயந்திரம் வந்தப்போ அவங்க கேட்டது: இன்னைக்கு எடுக்கிற நிலத்துக்கு அன்னைக்கு விலையா? எங்க பிள்ளைக்கு நிரந்தர வேலை எங்கே? என்னைக் கேட்டா, ரெண்டாவது கேள்விதான் பெருசு. காசு கரைஞ்சுடும். நிலம் வருஷா வருஷம் சோறு போட்டது. அதுக்கு ஈடு மாசச் சம்பளம் மட்டும்தான்.

ஒரு ஒப்பீடு. 1993 மிசிசிப்பி வெள்ளத்துல அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்து வால்மேயர் என்ற சின்ன ஊர் மூழ்கியது. அரசு அங்கேயும் வீடுகளை விலைக்கு வாங்கியது. ஊர்க்காரங்க கூடிப் பேசி மேட்டு நிலத்துல புது ஊர் கட்டிக்கிட்டாங்க. அப்படி வாங்கிய நிலத்துல மறுபடி கட்டடம் எழுப்பக் கூடாது, ஆற்றுக்கே விட்டுடணும்னு விதி. விற்க மாட்டேன்னு சொல்லவும் உரிமை இருந்தது. அங்கே ஆற்றுக்காக மனுஷங்க நகர்ந்தாங்க. நெய்வேலியில் நிலக்கரிக்காக மனுஷங்களும் நகர்ந்தாங்க, ஆறும் நகர்ந்தது.

ஜூலை 28 அன்று நெய்வேலியில் பாமக நடத்திய போராட்டம் வன்முறையில் முடிஞ்சது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று உத்தரவு. அதுக்கு முன்னாடி விசாரணையில ஒரு கேள்வி வந்தது. இத்தனை வருஷம் பொறுத்தவங்க, அறுவடை வரைக்கும் இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா?