மண் வைத்திருந்த கணக்கு: மேல் சிலேசியாவும் காந்த அளவீடும்

1977ஆம் ஆண்டு, போலந்தின் கிராக்கோவ் நகரத் தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றிய தோமாஷ் ஸ்ட்ஷிஷெவ்ஸ்கி, அவ்வலுவலகத்தின் உள்சுற்றறிக்கைகளின் படிகளை மறைத்து எடுத்துக்கொண்டு ஸ்வீடனுக்குச் சென்றார். லண்டனில் அவை நூலாக அச்சேறியபோது, எவையெல்லாம் அச்சில் வரக்கூடாது என்று அரசு வகுத்திருந்த பட்டியல் வெளியுலகுக்குத் தெரிந்தது. தொழிற்சாலைகளால் மக்களின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் நேரும் ஆபத்து பற்றிய தகவல்களும் அப்பட்டியலில் இருந்தன. ஆகவே அந்நாட்டின் தொழில் மாசு வரலாற்றை எழுத முனைபவர் 1970களின் நாளிதழ்களை மட்டும் நம்பியிருக்க இயலாது. தணிக்கைக்கு உட்படாத ஆவணம் ஏதேனும் உண்டா என்று அவர் தேட வேண்டியிருக்கிறது.

அத்தேடலின் தேவையை நன்கு காட்டும் பகுதி, நாட்டின் தெற்கிலுள்ள மேல் சிலேசியா. நிலக்கரிச் சுரங்கங்கள், எஃகு ஆலைகள், அனல் மின் நிலையங்கள், ஈய, துத்தநாக உருக்காலைகள் ஆகியவை நெருங்கி அமைந்த நிலப்பரப்பு அது. அங்கே கட்டோவிட்சே நகரின் ஷோப்பியெனிட்சே பகுதியில் ஓர் உருக்காலையை ஒட்டிக் குடியிருப்புகள் இருந்தன. 1974இல், அண்டை நகரமான ஸாப்ஷேயின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் போஷேனா ஹாகர்-மவெட்ஸ்கா, அப்பகுதிக் குழந்தையொன்றுக்கு ஈய நச்சேற்றம் இருக்கக்கூடும் என்று கண்டார். அதைத் தொடர்ந்து, அப்பகுதி மருத்துவரான யோலாந்தா வதோவ்ஸ்கா-க்ரூல் ஆயிரக்கணக்கான குழந்தைகளைச் சோதித்தார். பாதிக்கப்பட்டோர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர். உருக்காலைக்கு மிக அருகிலிருந்த வீடுகள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. ஆனால், கண்டறிந்தவற்றை முனைவர் பட்ட ஆய்வேடாக்க அவர் மேற்கொண்ட முயற்சி தடுக்கப்பட்டது. சிலேசியப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது 2021இல். அதற்குள் நாற்பதாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. 2023இல் அவர் மறைந்தார்.

ஆய்வேட்டைத் தடுக்க முடிந்தது. புகைபோக்கியிலிருந்து வெளியேறிய தூசு மண்ணில் விழுவதைத் தடுக்க எவரும் முயலவில்லை. அத்தூசுக்கு வேதியியல் தன்மை மட்டுமன்றிக் காந்தத் தன்மையும் உண்டு. நிலக்கரியில் பைரைட் போன்ற இரும்புக் கனிமங்கள் கலந்துள்ளன. அவை ஏறக்குறையக் காந்தத் தன்மை அற்றவை. உலையின் உயர் வெப்பத்தில் அவை சிதைந்து, மேக்னடைட், ஹேமடைட் ஆகிய இரும்பு ஆக்சைடுகளாக மாறுகின்றன. உருகிக் குளிர்ந்த சிறு உருண்டைகளாகச் சாம்பலோடு பறந்து செல்லும் இத்துகள்களில் மேக்னடைட் வலுவான காந்தத் தன்மை கொண்டது. ஈயம், துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்கள் இத்துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியோ படிகத்துக்குள் நுழைந்தோ உடன் பயணிக்கின்றன. எனவே மண்ணின் காந்த ஏற்புத்திறனை, அதாவது வெளியிலிருந்து செலுத்தப்படும் மெல்லிய காந்தப்புலத்துக்கு மண் எந்த அளவு இசைகிறது என்பதை, அளந்தால் அங்கே விழுந்த தொழிற்சாலைத் தூசின் அளவை ஊகிக்கலாம்.

இந்த வழிமுறை மாசைத் தேடிப் பிறந்ததன்று. 1955இல் பிரான்சின் லெ போர்ன், அடிமண்ணைவிட மேல்மண்ணின் காந்த ஏற்புத்திறன் மிகுந்திருப்பதை விவரித்தார்; அதில் தீயின் பங்கைப் பின்னர் ஆராய்ந்தார். மண்ணுள் புதைந்த பழங்குடியிருப்புகளைத் தேடும் தொல்லியலாளர்களுக்கு அது உதவியது. 1970களில் பிரித்தானியாவின் ஃபிராங்க் ஓல்ட்ஃபீல்டும் ராய் தாம்சனும் ஏரிப் படிவுகளை இவ்வாறு அளக்கத் தொடங்கினர். 1978இல் கீத் பார்பருடன் இணைந்து அவர்கள் எழுதிய கட்டுரை, மழைநீரால் மட்டுமே வளரும் பீட் சதுப்புகளை எடுத்துக்கொண்டது. ஆறோ ஓடையோ கனிமம் கொண்டுவராத அச்சதுப்புகளில் சேரும் காந்தத் துகள்கள் காற்றின் வழியே வந்தாக வேண்டும். அவற்றின் மேலடுக்குகளில் தொழிற்புரட்சிக் காலத்தின் தடம் தெளிவாகத் தெரிந்தது. 1986இல் தாம்சனும் ஓல்ட்ஃபீல்டும் வெளியிட்ட நூல், சுற்றுச்சூழல் காந்தவியல் என்ற துறைக்குப் பெயரையும் வடிவத்தையும் தந்தது.

மேல் சிலேசியாவில் இவ்வழியைக் காட்டு மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள், ஸாப்ஷேயிலுள்ள போலந்து அறிவியல் கழக நிறுவனத்தின் ஸிக்முன்ட் ஸ்ட்ஷிஷ்ச், ததேயுஷ் மாகியேரா ஆகியோர். உழவு நிலத்தில் கலப்பை அடுக்குகளைக் கலைத்துவிடும். காட்டிலோ இலை உதிர்ந்து மட்கும் மேலடுக்கு, விழும் தூசைப் பெருமளவு தன்னுள்ளேயே பிடித்துவைக்கிறது. 1996இல் ஃபிரீட்ரிக் ஹெல்லருடன் இணைந்து அவர்கள் வெளியிட்ட ஆய்வு, அக்காட்டு மண்ணில் தொழில் மாசின் காந்தப் பதிவை விரிவாக எடுத்துரைத்தது. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மாக்ப்ராக்ஸ் திட்டத்தின் வழியே போலந்து, செக் நாடு, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகியவற்றின் மண் ஒரே நெறிமுறையில் அளக்கப்பட்டது. மண்மேல் வைக்கும் வளையக் கருவியின் விட்டம் 18.5 சென்டிமீட்டர், ஓர் அளவீட்டுக்குச் சில நொடிகளே போதும். அமிலத்தில் கரைத்துச் செய்யும் வேதிப் பகுப்பாய்வுக்கு ஆகும் செலவையும் காலத்தையும் எண்ணினால், பல நாடுகளை உள்ளடக்கிய வரைபடம் எவ்வாறு கைகூடியது என்பது விளங்கும். புகையும் தூசும் எல்லைச் சாவடிகளில் நிற்பதில்லை என்பதால் அத்தகைய வரைபடம் தேவையாகவும் இருந்தது.

எனினும் உயர்ந்த எண்ணைக் கண்டவுடன் மாசு என்று தீர்ப்பெழுத முடியாது. எரிமலைப் பாறையான பசால்ட் இயல்பிலேயே மேக்னடைட் நிறைந்தது. தக்காணப் பீடபூமியின் பசால்ட் பரப்பில் ஆலையே இல்லாத ஊரின் மண்ணும் உயர்ந்த அளவைக் காட்டக்கூடும். மண்ணிலேயே இயற்கையாக உருவாகும் மிக நுண்ணிய மேக்னடைட்டும் உண்டு. ஒரு மொழியின் சொற்றொகுதியில் மரபுவழி வந்தது எது, கடனாக வந்தது எது என்று பிரிப்பதற்கு ஒலி ஒற்றுமை மட்டும் போதாது. சொல்லின் வடிவமும் பரவலும் ஆராயப்பட வேண்டும். மண்ணிலும் அப்படியே. ஆழம் செல்லச்செல்ல அளவு கூடினால் அது பாறையின் பங்கு. மேற்பரப்பை அடுத்த சில சென்டிமீட்டரில் மட்டும் உச்சம் தோன்றி அதன்கீழ் சரிந்தால் தூசின் பங்கு என்று கொள்ள இடமுண்டு. இரண்டு அதிர்வெண்களில் அளந்து ஒப்பிட்டால், மண்ணில் பிறந்த நுண்துகளையும் உலையில் பிறந்த பெருந்துகளையும் வேறுபடுத்தலாம்.

இந்தச் சான்றுக்கு வேறு எல்லைகளும் உள்ளன. பீட் சதுப்பும் ஏரிப் படிவும் அடுக்கடுக்காக வளர்வதால், கதிரியக்கக் காலக்கணிப்பின் துணையோடு அவற்றை ஆண்டு வரிசையில் படிக்கலாம். காட்டு மண்ணில் வேர்களும் புழுக்களும் அடுக்குகளைக் கலக்கின்றன. அது தருவது பெரும்பாலும் மொத்தத் தொகை மட்டுமே. மேலும், காந்தக் கருவி ஈயத்தை நேரடியாகக் காண்பதில்லை. ஈயத்தோடு வந்த இரும்பையே காண்கிறது. இரும்பு குறைந்த புகையை உமிழும் ஆலையின் குற்றம் அதன் கண்ணில் படாமல் போகலாம். ஆகவே காந்த வரைபடம், வேதிப் பகுப்பாய்வு எங்கே தேவை என்பதைச் சுட்டும் வழிகாட்டி, அதற்கு மாற்றாகாது.

ஷோப்பியெனிட்சேயின் மருத்துவக் குறிப்புகளும் ஸாப்ஷேயின் மண் அளவீடுகளும் ஒன்றையொன்று நிரப்புபவை. எந்த இடத்தில் எவ்வளவு விழுந்தது என்பதற்கு மண் விடை தருகிறது. அது யாருடைய குருதியில் கலந்தது, எந்தக் குழந்தை எந்த ஆண்டு நோயுற்றது என்பதற்கு மண்ணிடம் விடையில்லை. அதைச் சொல்லக்கூடியவை ஒரு மருத்துவரின் பதிவேடுகளே. அவற்றிலிருந்து எழ வேண்டிய ஆய்வேடுதான் தடுக்கப்பட்டது. 1989க்குப் பின் அப்பகுதியில் பல ஆலைகள் மூடப்பட்டன, எஞ்சியவற்றில் தூசு வடிகட்டிகள் மேம்பட்டன, காற்றில் தூசு குறைந்தது. முன்பு விழுந்தது மட்கு அடுக்கில் இன்றும் அளவிடக் கிடைக்கிறது. தடுக்கப்பட்ட ஆய்வேட்டின் இழப்பை அந்த அளவீடுகளால் ஈடுசெய்ய இயலாது. அந்த மருத்துவர் கண்டதற்கு அவ்வட்டார மண்ணிலும் சான்று உண்டு என்பதை மட்டும் அவற்றால் உறுதிப்படுத்த முடியும்.